மூன்று யூனிட்

ஐந்நூற்று மூன்று.
வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுக்
கணக்கெடுப்பவர் வாசலில் செருப்பைத் தேடினார்.
"மூணுதானேங்க" என்றேன்.
"மூணுதாம்மா. ஆனா தாண்டிடுச்சே"
வேலியைத் தாண்டிய ஆட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஐந்நூறு வரைக்கும் ஒரு விலை.
ஒன்று கூடினாலும்
அதுவரை ஒழுங்காக நடந்துபோன யூனிட்டுகளையும்
கைதட்டிக் கூப்பிட்டு நிறுத்தி
இன்னும் கொஞ்சம் எடு என்கிறது அட்டவணை.
மூன்று யூனிட்டுக்கு இருநூற்றுச் சொச்சம்.
சம்பளம் வருகிற வீடுதான்.
ஆனாலும் எரிந்தது.

நாங்கள் ரெட்டிச்சாவடி,
அக்கா செங்கமலவல்லி முள்ளோடை.
ஹெல்மெட் போடத் தோன்றாத தூரம்.
நடுவில் ஒரு பலகை
போனாலும் வந்தாலும் வருக வருக என்கும்.
பெட்ரோலுக்கு எல்லாரும் வடக்கே போவோம்.
வேறு சிலதுக்கும் போவார்கள், அதை விடுங்கள்.
கரண்டுக்கு மட்டும் யாரும் எங்கேயும் போக முடியாது
மீட்டரைச் சுவரில் அடித்திருக்கிறது.

அவளுக்கு மாதாமாதம் பில்.
எனக்கு ரெண்டு மாசத்துக்கொருக்க.
எனக்கு நூறு யூனிட் இலவசம், அவளுக்கு இல்லை.
அதை நான் சீட்டாட்டத்தில் ஜெயித்ததுபோலவே பேசுவாள்.
"ஒனக்கென்னடி, நூறு ஓசி."
"ஒனக்கென்னக்கா, பெட்ரோல் மலிவு."

சித்தி மகள் கோமளா
பாரிசுக்கு வெளியே, சொல்தா வீட்டு மருமகள்.
ஒருநாள் வீடியோவில் மூன்று பில்லையும் விரித்தோம்.
யூரோவை ரூபாயாக்கிப் பார்த்து
அக்கா வாயில் கைவைத்தாள்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வெல கொறயும்.
அலாரம் வெச்சித் துணி தொவைக்கிறேன்" என்ற கோமளா
வீட்டுக்குள்ளேயே குல்லாய் போட்டிருந்தாள்.
எங்கள் தோளில் ஈரத்துண்டு.
அவள் குளிரை எதால் வகுப்பது,
எங்கள் கத்திரியை எதால் பெருக்குவது,
தெரியாமல் போனை வைத்தோம்.

மாமனார் இந்தப் பேச்சுக்கே வரமாட்டார்.
நெய்வேலிப் பக்கம் அவருடைய முந்திரித் தோப்பு
இப்போது சுரங்கத்தில் ஓர் ஆழம்.
யாராவது ஃபேனைப் போட்டால்
ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

அன்றிரவு மூன்று யூனிட்டைத் தேடினேன்.
ஃபிரிட்ஜை நம்பி நகர்ந்தேன், மோட்டாரை மன்னித்தேன்.
சின்னவனுக்குக் காய்ச்சலடித்த ரெண்டு ராத்திரி
ஏசி விடிய விடிய ஓடியது.
காய்ச்சலைக் கழிக்க மனசு வரவில்லை.
கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதம்.
அவர் மாமியார் செத்துப்போனார்களாம்.
அதை எப்படிக் கழிப்பது?

பிறகு ஞாபகம் வந்தது.
சித்திரைக் கடைசி ஞாயிறு
அக்கா ரெண்டு மூட்டையோடு வந்து இறங்கினாள்.
அத்தானின் கம்பெனிச் சட்டை ஆறு,
பருத்திப் புடவை எட்டு,
யார் வீட்டுத் திரைச்சீலையோ ஒன்று.
"ஒனக்குத்தான் ஓசியாச்சே, தேச்சிட்டுப் போறேன்."

காலை இட்லிக்குப் பிறகு பிடித்த அயர்ன் பாக்ஸை
மதியச் சோற்றுக்குத்தான் வைத்தாள்.
மகளைப் பெண் பார்த்துப் போனவர்கள்
மூன்று மாதமாகப் பதில் சொல்லாததை
அன்றைக்குத்தான் சொன்னாள்,
ஒரு காலரைத் திருப்பிப் போட்டு
அழுத்தித் தேய்த்துக்கொண்டே.
தண்ணீர் தெளித்தாள்.
கொஞ்சம் அதிகமாகவே தெளித்தாள்.
நான் அடுத்த சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஆயிரம் வாட்ஸ், மூன்று மணி நேரம்.
பெருக்கினேன்.
சரியாக வந்தது.

பில்லைக் கட்டியாயிற்று.
அவளிடம் சொல்லவில்லை.
நேற்றுப் போன் செய்தாள்:
"ஞாயித்துக்கெழம வரட்டுமாடி? துணி குமிஞ்சி கெடக்குது."
போனைக் காதில் வைத்தபடியே
மீட்டரை எட்டிப் பார்த்தேன்.
புதுக் கணக்கில் பன்னிரண்டு ஓடியிருந்தது.
"வாக்கா" என்றேன்.
"அந்தத் திரைச்சீலையையும் எடுத்துக்கிட்டு வா."